சின்ன வயசுல லிம்போமா வந்து சுகமான ஆக்கள் ரெண்டாவது கான்சரப் பற்றித் தெரிஞ்சு வச்சிரிக்க வேண்டியது: எங்கிருந்து தொடங்குற?

இது ஆருக்கு எண்டா, பதினெட்டு வயசுக்குள்ள லிம்போமா (நெறியில வாற கான்சர்) வந்து, மருந்தேத்தி, கரண்ட் பிடிச்சு (ரேடியோதெரப்பி), சுகமாகி, இப்ப பத்து இருவது வருசம் தாண்டி வேலைவெட்டி பிள்ளைகுட்டி எண்டு நம்மட பாட்டுல இரிக்கிற ஆக்களுக்கு. கிளினிக் பக்கம் போறத விட்டு கனகாலம், அந்த டொக்டரும் மாறிப் போயிட்டார், கொப்பியும் எங்கயோ. நானும் அந்தக் கூட்டம்தான், 13 வயசுல கழுத்துல நெறி கட்டி ஹொட்ஜ்கின் (லிம்போமாவுல ஒரு வகை) எண்டு சொன்ன ஆள், இப்ப கல்முனைப் பக்கம் இரிக்கன். நம்மட பக்கத்து ஆக்கள் அடிக்கடி என்னட்ட கேக்கிறதால ஒரு ஒழுங்குல எழுதுறன், ஒழுங்கு கொஞ்சம் முன்ன பின்ன இரிக்கும்.

முதல்ல ஒரு குழப்பத்த தீர்த்துக்குவம். "திரும்பி வாற" வேற, "ரெண்டாவதா வாற" வேற. பழைய லிம்போமாவே திரும்பி வாறதெண்டா அது பெரும்பாலும் முதல் ரெண்டு மூண்டு வருசத்துக்குள்ள வந்திடும், அதுக்குத்தான் முதல் அஞ்சு வருசமும் மூண்டு மாசத்துக்கு ஒருக்கா, ஆறு மாசத்துக்கு ஒருக்கா எண்டு கூப்பிட்டுப் பாத்தவங்க. ரெண்டாவது கான்சர் அப்பிடியில்ல. அது புதுசா வேற இடத்துல, வேற கலத்துல தொடங்குற ஒண்டு, நம்மளக் காப்பாத்தின கரண்டும் மருந்தும் அப்ப நல்ல கலங்களுக்கும் ஒள்ளுப்பம் சேதம் பண்ணியிரிக்கு, அந்தச் சேதம் கன வருசத்துக்குப் பிறகு வெளிய வாற. கரண்டால வாற கட்டிகள் பெரும்பாலும் பத்து வருசம் கழிச்சுத்தான் கூடத் தொடங்குது, அதுக்குப் பிறகு வயசு போகப் போக கூடிக்கொண்டேதான் போகுது. அப்ப பாருங்க, கிளினிக்ல "இனி வரத் தேவையில்ல" எண்டு சொல்ற காலமும் இது தொடங்குற காலமும் கிட்டத்தட்ட ஒண்டு. இதுதான் பிரச்சினையே.

இத வாசிச்சிட்டு பயந்து நித்திரை இல்லாம கிடக்க வேணாம். கனபேருக்கு ஒண்டும் வராது. ஆனா ஆருக்கு எது வரலாம் எண்டுறது ஆளுக்காள் வேற, அது ஜாதகத்துல இல்ல, உங்கட பழைய சிகிச்சைப் பேப்பர்ல இரிக்கு. அதால தொடங்க வேண்டியது டெஸ்ட்ல இல்ல, பேப்பர்ல.

முதல் வேலை: டயக்னோசிஸ் கார்டத் (ஆஸ்பத்திரியில நோய், சிகிச்சை விபரம் எழுதித் தந்த கார்ட்) தேடுங்க

வீட்டுல கேட்டா "அதெல்லாம் இப்ப என்னத்துக்கு" எண்டுதான் வரும். நம்மட பக்கத்துல இதுக்கு ஒரு காரணம் இரிக்கு, பொம்புளப் புள்ளைக்கு கலியாணம் பேசத் தொடங்கினவுடன உம்மாமார் அம்மாமார் அந்தக் கார்டயெல்லாம் ஆருட கண்ணுலயும் படாம ஒளிச்சுப் போடுவாங்க, சிலர் எரிச்சும் இரிக்காங்க. அவங்களோட சண்டை பிடிச்சுப் பிரயோசனமில்ல, அப்ப அவங்களுக்கு இருந்த பயம் அது. மெதுவாக் கேட்டா அலுமாரிக்குள்ள சீலைக்குக் கீழ சொப்பிங் பேக்ல சுத்தி வச்சிரிக்கிறது வெளிய வரும். நாலா மடிச்ச மடிப்புல மை அழிஞ்சு போயிரிக்கும், பரவாயில்ல, வெளிச்சத்துக்குப் பிடிச்சு வாசிக்கலாம், அண்டைக்கே போன்ல படம் எடுத்து ரெண்டு இடத்துல சேவ் பண்ணி வைங்க. லெமினேட் பண்ண வேணாம், சூட்டுக்கு சில பழைய எழுத்து கறுத்துப் போகும்.

2004 சுனாமியில போனது, 2011 ஜனவரி வெள்ளத்துல போனது, இடம்பெயர்ந்தப்ப போனது எண்டு நம்மட மட்டக்களப்பு, அம்பாறை ரெண்டு மாவட்டத்துலயும் கார்ட் இல்லாத ஆக்கள்தான் கூட. அவங்களுக்கு அடுத்த வழி, சிகிச்சை எடுத்த ஆஸ்பத்திரிட ரெக்கோட் ரூம். நம்மட காலத்துல கனபேர் போனது மகரகமை கான்சர் ஆஸ்பத்திரிக்குத்தான். போறதுக்கு முதல் அப்ப பதிஞ்ச முழுப்பேர் (கலியாணத்துக்கு முந்தின பேர், அப்பாட அல்லது வாப்பாட பேரோட), அப்ப இருந்த விலாசம், வருசம், வார்ட் நம்பர், தெரிஞ்சா பிஎச்டி நம்பர் (வார்ட்ல கட்டில் டிக்கட்டுல போடுற நம்பர்) எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதிக்கொண்டு போங்க, இப்ப உள்ள ஐடென்டிட்டி கார்டும் பிறப்புச் சான்றிதழும் கையில இரிக்கட்டும். பெரிய விசயம் என்னெண்டா கரண்ட் பிடிச்ச விபரம் வார்ட் பைல்ல முழுசா இராது, ரேடியோதெரப்பி பகுதியில தனிக் கார்ட் போட்டிருப்பாங்க, அதத் தனியாக் கேக்கணும். ரெக்கோட் ரூம்ல இல்ல எண்டவுடன பஸ் ஏறி வந்திடாதீங்க. சிங்களம் கதைக்கத் தெரிஞ்ச ஒருத்தரக் கூட்டிப் போனா வேலை பாதி. எனக்கு ஒரு இடத்துல "இவ்வளவு பழசு வச்சிரிக்க மாட்டம்" எண்டு முகத்தப் பாக்காமலே சொன்னாங்க, அடுத்த மேசையில இருந்த ஆள்தான் எழும்பிப் போய் எடுத்துத் தந்தவர். அதால ஒரு ஆள்ட பதிலோட விடாதீங்க.

அங்கயும் இல்லையா? உங்கட உடம்பே ஒரு கார்ட்தான். கண்ணாடி முன்னுக்கு நிண்டு பாருங்க. நெஞ்சு நடுவுல, கக்கத்துக்குக் கிட்ட சின்ன நீலப் புள்ளி இரிக்கா? கரண்ட் பிடிக்கிற இடத்த அடையாளம் வைக்க சிலருக்கு அப்பிடிப் பச்சை குத்தினவங்க. கழுத்து மெலிஞ்சு, தோள் எலும்பு ஒடுங்கி, பின்கழுத்துல முடி குறைஞ்சு இரிந்தா மேல்பகுதிக்கு கூடின அளவுல கரண்ட் பிடிச்சிரிக்க வாய்ப்புக் கூட. வயித்துல நீளமான தையல் தழும்பு இரிந்தா மண்ணீரல எடுத்திரிக்கலாம், ஒரு காலத்துல ஹொட்ஜ்கினுக்கு வயித்தத் திறந்து பாத்து மண்ணீரலயும் எடுக்கிறது வழக்கம், அப்பிடி எண்டா சாதாரண காய்ச்சலும் உங்களுக்கு அவசரம், தடுப்பூசியும் தனியாக் கேட்டுப் போடணும். இந்த அடையாளத்தையெல்லாம் டொக்டருக்குக் காட்டுங்க, "சின்ன வயசுல ஒரு கட்டி எடுத்த" எண்டு மொட்டையாச் சொல்றதவிட இது நூறு மடங்கு நல்லம்.

ரெண்டாவது: கார்ட்ல என்னத்தப் பாக்கிற

மூண்டு விசயம். எந்த இடத்துக்கு கரண்ட், எவ்வளவு, என்ன மருந்து.

இடம்: மான்டில் எண்டு இரிந்தா கழுத்து, கக்கம், நெஞ்சு எல்லாம் சேர்த்துப் பிடிச்சது. மீடியாஸ்டைனம் எண்டா நெஞ்சு நடுப்பகுதி. பாரா அயோட்டிக், இன்வேர்ட்டட் வை எண்டா வயிறு, இடுப்புப் பக்கம். இன்வோல்வ்ட் ஃபீல்ட் எண்டு இரிந்தா நெறி இருந்த இடத்துக்கு மட்டும் பிடிச்சது, அது ஓரளவு நல்ல செய்தி.

அளவு: கிரே எண்டு எழுதியிரிக்கும், பழைய கார்ட்ல சென்டிகிரே அல்லது ராட் எண்டு இரிக்கும். 100 ராட் எண்டா 1 கிரே, அப்ப 3600 எண்டு கண்டு பதறாதீங்க, அது 36 கிரே. அந்தக் காலத்து மான்டில் 35இல இருந்து 44 கிரே வரைக்கும் போனது, இப்ப பிள்ளைகளுக்கு இருவது கிரே கணக்குல சின்ன இடத்துக்குப் பிடிக்கிறாங்க, சிலருக்கு கரண்டே இல்லாம மருந்தோட முடிக்கிறாங்க. அதால 1990ல சிகிச்சை எடுத்த ஆள்ட கணக்கும் 2015ல எடுத்த பிள்ளைட கணக்கும் ஒண்டில்ல, ஒருத்தர்ட கதையக் கேட்டு மற்றவர் பயப்படத் தேவையில்ல.

மருந்து: கார்ட்ல மருந்துக் கூட்டுட சுருக்கப் பேர்தான் இரிக்கும். ஏபிவிடி எண்டா அதுல டொக்சோருபிசின் இரிக்கு, சிவப்பு நிறத்துல ஏத்தின மருந்து, மூத்திரமும் சிவப்பாப் போனது ஞாபகம் இரிக்கும். அது இதயத்தப் பாதிக்கும், மொத்த அளவு 250 மில்லிகிராம் தாண்டினா (உடம்புட சதுர மீட்டர் கணக்குல) எக்கோ (இதய ஸ்கான்) ஒழுங்காச் செய்யணும், மார்புக் கான்சருக்கும் அதுக்கு ஒரு பங்கு இரிக்கு எண்டு இப்ப கண்டிரிக்காங்க. எம்ஓபிபி, சிஓபிபி எண்டா புரோகார்பசினும் அதுட கூட்டாளி மருந்துகளும், அதுகளாலயும் எட்டோபொசைட்டாலயும் வாறது ரத்தப் புற்றுநோய். ஆனா அது சீக்கிரம் வாற, பெரும்பாலும் முதல் பத்து வருசத்துக்குள்ள. இருவது வருசம் தாண்டின ஆள் அந்தக் கவலைய கிட்டத்தட்ட இறக்கி வைக்கலாம்.

ஹொட்ஜ்கின் இல்லாத மற்ற லிம்போமா எண்டா பெரும்பாலும் மருந்து மட்டும்தான், தலைக்கு கரண்ட் பிடிச்சிரிந்தா மட்டும் அதத் தனியா எழுதி வைங்க, மூளை உறையில வாற கட்டிக்கும் தைரொயிட்டுக்கும் அது சம்மந்தம்.

மூண்டாவது: எதுக்கு என்ன செக்கிங்

பொம்புளயளுக்கு முதல் இடம் மார்பு. 1955க்கும் 1986க்கும் இடையில ஹொட்ஜ்கின் வந்த 1380 பிள்ளைகளத் தொடர்ந்து பாத்து 1996ல ஒரு பெரிய ஆய்வு வந்தது, அதுல ரெண்டாவதா வந்த கட்டிகள்ல கூடினது மார்புக் கான்சர்தான். பிறகு அமெரிக்கா கனடாவுல செய்த ஆய்வுல, சின்ன வயசு ஹொட்ஜ்கினுக்கு நெஞ்சுக்கு கரண்ட் பிடிச்ச பெண்கள்ல 50 வயசுக்குள்ள நூத்துக்கு 35 பேருக்கு வந்திரிக்கு. இது பழைய கூடின அளவுக் கரண்ட்ட கணக்கு, இருந்தாலும் பரம்பரையா மார்புக் கான்சர் ஆபத்தக் கூட்டுற பிஆர்சிஏ ஜீன் உள்ள ஆக்கள்ட அளவுக்குக் கிட்ட. மார்பு வளருற வயசுல, பத்துக்கும் பதினாறுக்கும் இடையில பிடிச்சவங்களுக்குத்தான் கூட.

அதால நெஞ்சுக்கு 10 கிரே அல்லது அதுக்கு மேல பிடிச்சிரிந்தா, 25 வயசுல இருந்து, அல்லது கரண்ட் பிடிச்சு 8 வருசத்துல இருந்து, இதுல எது பிந்தி வருதோ அப்பவிருந்து, வருசம் ஒருக்கா மார்பப் படம் எடுக்கணும். மமோகிராமும் (மார்பு எக்ஸ்ரே) எம்ஆர்ஐயும் ரெண்டும் எண்டுதான் வெளிநாட்டு வழிகாட்டல்ல இரிக்கு. இந்த இடத்துலதான் நம்மட ஆக்கள் தடக்குப்படுற, ஏனெண்டா 27 வயசுப் புள்ள போய் மமோகிராம் கேட்டா "உங்களுக்கு என்னத்துக்கு, நாப்பது தாண்டட்டும்" எண்டு திருப்பி அனுப்புவாங்க. அவங்க சாதாரண ஆளுக்குச் சொல்றது சரிதான். நீங்க கார்டக் காட்டி "நெஞ்சுக்கு 36 கிரே, 14 வயசுல" எண்டு சொல்லுங்க, கதை மாறும். எம்ஆர்ஐ வருசா வருசம் கிடைக்கிறது லேசில்ல, கிடைக்கல்ல எண்டு மமோகிராமையும் விட்டுடாதீங்க. மமோகிராம்ல இன்னும் கதிர் படுமே எண்டு கேட்டா, அது பிடிச்ச கரண்டோட பாக்கக்குள்ள ஒண்டுமே இல்லாத அளவு.

கழுத்துக்குப் பிடிச்சவங்க ஆம்புள பொம்புள எல்லாரும் வருசம் ஒருக்கா டொக்டர்ட்ட கழுத்தத் தடவிப் பாக்கச் சொல்லணும், தைரொயிட் கட்டிக்காக. அதோட டீஎஸ்எச் ரத்தப் பரிசோதனையும். இது கான்சருக்கில்ல, தைரொயிட் வேலை குறைஞ்சு போறதுக்கு, அது நம்மட ஆக்கள்ல கனபேருக்கு வாற, உடம்பு போட்டு அலுப்பா இரிக்கிறத "வயசு போகுது" எண்டு விட்டிடுவாங்க. லேசான டெஸ்ட், லேசான குளிசை.

வயித்துக்கு இடுப்புக்கு 20 கிரேக்கு மேல எண்டா குடலப் பாக்கணும், 30 வயசுல இருந்து அல்லது கரண்ட் பிடிச்சு 5 வருசத்துல இருந்து, எது பிந்தினதோ அப்பவிருந்து, கொலொனொஸ்கொப்பி (பின்பக்கத்தால குழாய் விட்டுக் குடலப் பாக்கிறது) அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா. கூச்சப்பட்டு விடுற டெஸ்ட் இதுதான்.

தோல்: கரண்ட் பட்ட இடத்துல புதுசா வாற மச்சம், ஆறாத புண், முத்து மாதிரி மினுங்கிற சின்னக் கட்டி. வயல்ல, தோணியில வேலை செய்ற ஆம்புளயள் மேலுக்கு ஒண்டும் போடாம நிக்கிறது வழக்கம், நெஞ்சு முதுகுக்குக் கரண்ட் பட்ட ஆள் ஒரு சேர்ட்டையாவது போட்டுக்கொண்டு இறங்கணும்.

இஞ்ச எங்க போற

சும்மா ஓபிடில போய் நிண்டு "எனக்கு முந்திக் கான்சர், எல்லாம் செக் பண்ணுங்க" எண்டா பெனடோல் எழுதித் தந்து அனுப்புவாங்க, அவங்களயும் குறை சொல்லேலாது, பின்னால நூறு பேர் நிக்கிறாங்க. மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரியில கான்சர் பகுதி இரிக்கு, அம்பாறைப் பக்கத்து ஆக்கள் கல்முனை, அக்கரைப்பற்று, அம்பாறை ஆஸ்பத்திரிகள்ல ஒரு கிளினிக்ல கார்டக் காட்டி அங்க ரெபரல் கடிதம் எடுத்துக்கொண்டு போனா வேலை லேசு. மார்பத் தடவிப் பாக்கிறதுக்கு மட்டும் எண்டா உங்கட எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிஸ் நடத்துற சுகவனிதையர் கிளினிக் போதும், மிட்வைஃப் மிஸ்ஸிட்ட கேட்டா நாள் சொல்லுவா, அங்க பாக்கிறது பெரும்பாலும் பொம்புள ஆக்கள்தான், காத்தான்குடி ஏறாவூர்ப் பக்கம் இதால கூச்சமில்லாமப் போறாங்க. ஆனா நெஞ்சுக்குக் கரண்ட் பிடிச்ச ஆளுக்கு தடவிப் பாக்கிறது மட்டும் காணாது, இத அந்த மிஸ்ஸிக்கும் சொல்லி வைங்க.

போகக்குள்ள ஒரு பக்கத்துல எழுதிக்கொண்டு போங்க: என்ன நோய், எந்த வயசுல, எந்த இடத்துக்கு எத்தினை கிரே, மருந்துட பேர், மண்ணீரல் இரிக்கா இல்லையா, கடைசியா எப்ப என்ன டெஸ்ட். கொப்பி முழுக்க நீட்டினா ஆரும் வாசிக்கப் போறதில்ல, ஒரு பக்கம் எண்டா வாசிப்பாங்க.

காசு கட்டிச் செய்ற "ஃபுல் பொடி செக்கப்" பற்றிக் கேக்கிறாங்க. நான் சொல்லுவன், வேணாம். ட்யூமர் மார்க்கர் எண்டு ரத்தத்துல பாக்கிறது நோய் இல்லாத ஆளுக்குப் பிரயோசனமில்ல, கொஞ்சம் கூடக் காட்டினா ஒரு மாசம் சோறு இறங்காது. வருசா வருசம் பெட் ஸ்கான், சிடி ஸ்கான் எண்டு கேட்டு எடுக்கிறதும் அப்பிடித்தான், அதுல கதிர் வேற. அந்தக் காசுக்கு உங்கட கார்ட் சொல்ற டெஸ்ட மட்டும் செய்ங்க, அரசாங்கத்துல பிந்துது எண்டா அத மட்டும் பிரைவேட்ல சனல் பண்ணிச் செய்ங்க.

நம்மட கையில இரிக்கிறது

வெத்திலை. இத எழுதினா வீட்டுல எல்லாருக்கும் கோவம் வரும், கலியாண வீடு, செத்த வீடு, வயல் வெட்டு எதுலயும் வெத்திலை வட்டா இல்லாம நம்மட ஊர்ல ஒண்டும் நடக்கிறதில்ல. இலங்கையில ஆம்புளயளுக்கு கூடுதலா வாற கான்சர் வாய்க் கான்சர், அதுக்குப் பெரிய காரணம் வெத்திலை, பாக்கு, புகையிலைதான். புகையிலை இல்லாமப் போட்டாலும் பாக்கே கான்சர் உண்டாக்கிற பொருள் எண்டு உலக சுகாதார நிறுவனத்துட புற்றுநோய் ஆய்வுப் பிரிவு வகைப்படுத்தி வச்சிரிக்கு. கழுத்துக்கு மேல கரண்ட் பட்ட ஆள் அத மறந்துடுங்க. வட்டா வந்தா கையால தொட்டு மரியாதை செஞ்சிட்டு மத்தாளுக்கு நகர்த்துங்க, ஆரும் ஒண்டும் சொல்ல மாட்டாங்க.

சிகரட்டும் நெஞ்சுக் கரண்டும் சேர்ந்தா நுரையீரல் கான்சருக்கு ஒண்டும் ஒண்டும் ரெண்டில்ல, பெருக்கிக்கொண்டு போற கணக்கு. பிளியோமைசின் (ஏபிவிடில உள்ள இன்னொரு மருந்து) ஏத்தின ஆள்ட நுரையீரல் ஏற்கனவே அடி வாங்கினது வேற. பீடியும் அதுதான்.

உங்கட மகளுக்கு ஆறாம் வகுப்புல பள்ளிக்கூடத்துல போடுற எச்பிவி ஊசி (கருப்பைக் கழுத்துக் கான்சரத் தடுக்கிறது) 2017ல இருந்து இரிக்கு, அது எல்லாப் புள்ளைக்கும் உரியது, மறுக்காதீங்க. "என்ட நோய் புள்ளைக்கும் வருமா" எண்டு கேக்கிறவங்களுக்கு: கரண்டால மருந்தால வாற ஆபத்து பரம்பரையா இறங்குறதில்ல. புள்ள வயித்துல தங்குறதுக்கு முதல் மட்டும் டொக்சோருபிசின் எடுத்த ஆள் ஒரு எக்கோ செய்து பாத்திடுங்க.

கிளினிக் திகதி வரும் வரைக்கும் பாத்திட்டு இரிக்காம உடன போக வேண்டியது: மார்புல, கழுத்துல, கக்கத்துல புதுக் கட்டி, வலி இல்லாட்டியும். மூண்டு கிழமையா ஆறாத வாய்ப்புண், அல்லது வாய் முழுசாத் திறக்க ஏலாமப் போறது. மாறாத தொண்டை அடைப்பு. மலத்துல ரத்தம். காரணமில்லாம கண்டல், பல் முரசுல ரத்தம், விட்டு விட்டுக் காய்ச்சல். மூலம், சூடு, வாய்வு எண்டு கைவைத்தியம் பாத்து மாசக்கணக்குல கடத்துறது நம்மட ஆக்கள்ட வேலை, மற்றவங்க செய்யட்டும், நீங்க செய்யாதீங்க.

வந்திட்டா

இதப் பற்றி ஆரும் கதைக்க மாட்டாங்க, ஆனா பழைய கார்ட் கூடுதலா உதவுறது இந்த இடத்துலதான். சாதாரணமா மார்புக் கான்சர் சின்னதா இரிந்தா கட்டிய மட்டும் எடுத்துட்டு மிச்ச மார்புக்கு கரண்ட் பிடிப்பாங்க. நெஞ்சுக்கு ஏற்கனவே முழு அளவு பிடிச்ச ஆளுக்கு அதே இடத்துல மறுகா பிடிக்கிறது லேசான முடிவில்ல, அதால மார்ப முழுசா எடுக்கச் சொல்லலாம். அதே மாதிரி மார்புக் கான்சருக்கு ஏத்துற மருந்துல டொக்சோருபிசின் வரும், வாழ்நாளுக்கு இவ்வளவுதான் எண்டு ஒரு எல்லை இரிக்கு, சின்ன வயசுல ஏத்தினதும் அந்தக் கணக்குலதான் சேரும். சேர்ஜனுக்கு இது தெரியாம இரிந்தா, நீங்களும் சொல்லாம இரிந்தா, பிளான் போட்டு பாதியில மாத்த வேண்டி வரும்.

அதால பயொப்சி ரிப்போர்ட் கைக்கு வந்தவுடன செய்ய வேண்டியது, ஒப்பரேசன் திகதி எடுக்க முதல் அந்த ஒரு பக்கத்த சேர்ஜன்ட்டயும் கான்சர் டொக்டர்ட்டயும் ரெண்டு பேர்ட்டயும் தனித்தனியாக் குடுத்து, ஒரு போட்டோக்கொப்பிய கிளினிக் கொப்பியில ஸ்டேப்ளர் அடிக்கச் சொல்றது. கேக்க வேண்டிய கேள்வி ரெண்டு: "எனக்கு இன்னும் கரண்ட் பிடிக்க இடமிரிக்கா? சிவப்பு மருந்து இன்னும் எவ்வளவு ஏத்தலாம்?" நெஞ்சுக்கு ரெண்டு பக்கமும் கரண்ட் பட்டிரிந்தா மற்ற மார்பையும் அந்த நேரமே வடிவாப் பாக்கச் சொல்லுங்க, இந்த வகையில ரெண்டு பக்கமும் வாறது மற்ற ஆக்களவிட கூட.